மனைவிக்காக ஏற்ற குற்றம்

தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. கையில் கோப்புகளுடன் அங்கே செல்லும் இளம் தம்பதியரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்கள் நிரப்பித் தரும் விசா விண்ணப்பத்தில், போதைப் பொருள் சட்டம் எதையேனும் எப்போதேனும் மீறியதுண்டா என்றொரு கேள்வி உண்டு. போதைப் பழக்கத்துக்கு அடிமையாக இருந்ததுண்டா என்று மற்றொரு கேள்வியும் உண்டு. கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதால், ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்கு அடைபடவும் கூடும்.

இந்தப் பிளவின் முழு வலியையும் அரை நூற்றாண்டுக்கு முன்பே அனுபவித்தவர், 'பீட்டில்ஸ்' இசைக்குழுவின் ஜான் லெனன். பணமோ புகழோ அவருக்குக் குறைவில்லை. ஆயினும் 14 கிராம் கஞ்சாப் பிசின் அவரை எட்டு ஆண்டுகள் துரத்தியது.

லெனன் 1940 அக்டோபர் 9 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை கப்பல் பணியாளர். பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை. சிறுவனை யார் வளர்ப்பது என்ற பிணக்கு பெற்றோரிடையே எழுந்தபோது அவருக்கு ஐந்து வயது. இறுதியில் பெரியம்மா மிமியின் வீட்டில்தான் வளர்ந்தார். அவருக்கு 17 வயதானபோது, சாலையைக் கடந்துகொண்டிருந்த தாய் ஜூலியா, காவலர் ஒருவர் ஓட்டி வந்த கார் மோதி இறந்தார். பெற்றோருக்கிடையே சிக்கிய குழந்தையின் நிலை என்னவென்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் மனைவியின் மகளைத் தேடி அவர் கடல் கடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

'பீட்டில்ஸ்' குழுவின் புகழை இங்கு விரிக்கத் தேவையில்லை. 1968-இன் தொடக்கத்தில் நால்வரும் ரிஷிகேசம் வந்து மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியதை நம்மில் மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர். அந்த ஆண்டிலேயே லெனனின் முதல் திருமணம் முறிந்தது. ஜப்பானில் பிறந்த ஓவியக் கலைஞரான யோகோ ஓனோவுடன் லண்டன் மாண்டேகு சதுக்கத்திலிருந்த ஒரு வீட்டில் அவர் வாழத் தொடங்கினார்.

1968 அக்டோபர் 18 அன்று காவல் துறையினர் மோப்ப நாய்களுடன் அந்த வீட்டைச் சோதனையிட்டனர். 219 கிரெயின், அதாவது ஏறத்தாழ 14 கிராம் கஞ்சாப் பிசின் கிடைத்ததாக வழக்குப் பதிவாயிற்று. சோதனைக்குத் தலைமை தாங்கிய துப்பறியும் அதிகாரி நார்மன் பில்ச்சர், இசைக் கலைஞர்களைக் குறிவைத்துக் கைது செய்வதில் பெயர்பெற்றவர். பின்னாளில் பொய்ச் சாட்சியம் தொடர்பான வேறொரு வழக்கில் 1973-ஆம் ஆண்டு அவரே நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சோதனை வரக்கூடும் என்று பத்திரிகையாளர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்ததால் வீட்டைத் துப்புரவு செய்துவிட்டதாகவும், அகப்பட்ட பொருளைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்றும் லெனன் கூறிவந்தார். போதைப் பொருளைத் தொட்டறியாதவர் அல்லர் அவர். அதை மறைத்ததும் இல்லை. ஆனால், அந்த வீட்டில் அவருக்கு முன்பு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உள்ளிட்ட பலர் குடியிருந்ததையும் கருத வேண்டும்.

எனினும், நீதிமன்றத்தில் அவர் வழக்காடவில்லை. யோகோ அப்போது கருவுற்றிருந்தார். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத அவர் தண்டிக்கப்பட்டால் நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் அபாயம் இருந்தது. பழியைத் தாமே ஏற்றுக்கொண்டால் யோகோ தப்புவார் என்றுதான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் லெனன் விளக்கினார். நவம்பர் 28 அன்று அவருக்கு 150 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. யோகோ மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பே கரு கலைந்திருந்தது.

அபராதத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. நம் நீதிமன்ற வளாகங்களிலும் இப்படித்தான் அறிவுரை கூறப்படுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி, ஒரு கிலோ வரையிலான கஞ்சா சிறிய அளவு. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வாய்தாவுக்கு அலைவதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே மேல் என்று முடிவெடுக்கும் மாணவர், அயல்நாட்டுக் குடிவரவு அதிகாரியின் கண்ணில் தண்டிக்கப்பட்டவரே. உள்ளூரில் சிறிதாகத் தோன்றும் வழக்கு எல்லை தாண்டும்போது வளர்ந்துவிடுகிறது.

லெனனுக்கு அது உடனே விளங்கியது. 1969 மார்ச்சில் ஜிப்ரால்டரில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். சில வாரங்களில் நியூயார்க்கில் அமைதிப் பிரசாரம் நடத்தத் திட்டமிட்டபோது, பழைய தண்டனையைக் காட்டி அமெரிக்கா அனுமதி மறுத்தது. அவர்கள் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் அதை நடத்த வேண்டியதாயிற்று.

யோகோவுக்கு முந்தைய மணத்தின் வழியே கியோகோ என்ற மகள் இருந்தாள். குழந்தையுடன் அவளது தந்தை தலைமறைவாகிவிட, மகளைத் தேடி 1971-இல் இருவரும் சிறப்புத் தளர்வுடன் கூடிய தற்காலிக விசாவில் அமெரிக்கா சென்றனர். 1972-இல் டெக்சாஸ் நீதிமன்றம் கியோகோவைத் தாயின் பொறுப்பில் ஒப்படைத்தது. ஆனால் குழந்தையை அமெரிக்காவில்தான் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஏறத்தாழ அதே வேளையில் லெனனின் விசா முடிந்தது. குடிவரவுத் துறை வெளியேற்ற நடவடிக்கையைத் தொடங்கியது.

இதில் அரசியலும் இருந்தது. அது அதிபர் நிக்சன் மறுதேர்தலைச் சந்தித்த ஆண்டு. 18 வயதினர் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களிக்கவிருந்தனர். வியத்நாம் போரை எதிர்த்த லெனன் அந்த இளைஞர்களைத் திரட்டிவிடக்கூடும் என்ற அச்சத்தில், அவரை வெளியேற்றலாம் என்னும் யோசனையைச் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 1972 பிப்ரவரியில் அரசுக்கு எழுதியனுப்பினார். காரணம் அரசியலாக இருக்கலாம். கைக்கு அகப்பட்ட கருவி அந்த 14 கிராம்தான்.

1973 மார்ச் 23 அன்று குடிவரவு நீதிபதி ஐரா ஃபீல்ட்ஸ்டீல் தீர்ப்பளித்தார். யோகோவுக்கு நிரந்தரக் குடியிருப்புரிமை. லெனன் 60 நாள்களில் வெளியேற வேண்டும். கணவருடன் புறப்பட்டால் மகளைத் தேடும் உரிமை போகும். தங்கினால் கணவர் போவார். லண்டனில் மனைவியின் நாடுகடத்தலைத் தடுப்பதற்காக ஒப்புக்கொண்ட குற்றமே, நியூயார்க்கில் அதே மனைவியிடமிருந்து அவரைப் பிரிக்கும் ஆயுதமாயிற்று. இதனினும் கொடிய முரண் வேறென்ன இருக்க முடியும்?

அவர்களின் வழக்கறிஞர் லியோன் வைல்ட்ஸ், வழக்கு தொடங்கியபோது லெனனின் பெயரையே சரியாக அறியாதவர் என்பார்கள். ஆனால் சட்டத்தை அவர் அறிந்திருந்தார். மனிதாபிமான அடிப்படையில் சிலரை வெளியேற்றாமல் விட்டுவைக்கும் நடைமுறை குடிவரவுத் துறையில் வெளியில் தெரியாமல் இருந்துவந்ததை, அரசு ஆவணங்களைப் போராடிப் பெற்று அம்பலப்படுத்தினார். சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கு 2012-இல் ஒபாமா அரசு அளித்த பாதுகாப்பு அந்த நடைமுறையின் வழிவந்ததே.

இடையே, 1973-இன் பிற்பகுதியிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். அதற்கு வழக்கின் சுமை மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். 1974 ஜூலையில் மேல்முறையீட்டு வாரியமும் கைவிட்டது.

1975 அக்டோபர் 7 அன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் லெனனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய இர்விங் காஃப்மன், ஒரு காலத்தில் ரோசன்பர்க் தம்பதியருக்கு மரண தண்டனை விதித்தவர். இளகிய மனத்தவர் என்று பெயரெடுத்தவர் அல்லர். 1968-இல் இருந்த பிரிட்டிஷ் சட்டப்படி, வீட்டில் போதைப் பொருள் இருப்பது தெரியாதவரும் குற்றவாளியாகலாம். அறிந்தே வைத்திருந்தவரைத்தான் அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்தத் தண்டனை இந்தத் தடைக்குப் பொருந்தாது என்பது அவரது முடிவு. மறைவான அரசியல் நோக்கத்துடன் ஆள் பார்த்து வெளியேற்றுவதை நீதிமன்றம் ஏற்காது என்றும் அவர் பதிவு செய்தார்.

அந்த வழியில் இன்று எல்லோரும் தப்பிவிட முடியாது. இப்போதைய அமெரிக்கச் சட்டத்தில் தண்டனைகூடத் தேவையில்லை. குற்றத்தின் கூறுகளை முறைப்படி ஒப்புக்கொண்டாலே தடை வரலாம். 30 கிராமுக்கு மிகாத கஞ்சாவை ஒரே ஒரு முறை வைத்திருந்தவர், மனைவி மக்களுக்கு நேரும் கடும் துன்பம் முதலியவற்றைக் காட்டி விலக்குக் கோரலாம். கிடைப்பது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. அங்கே பல மாநிலங்களில் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருப்பதும் விசா விண்ணப்பதாரருக்கு உதவாது, குடிவரவு மத்திய அரசின் சட்டம் என்பதால். அஞ்சிப் பொய் எழுதினாலோ, உண்மையை மறைத்த குற்றத்துக்கு வாழ்நாள் தடையே வரக்கூடும். இளமையில் செய்த ஒரு பிழைக்கு உடன் வாழ்பவரும் குழந்தைகளும் இவ்வளவு விலை தர வேண்டுமா என்பது இன்றும் விடை காணப்படாத கேள்வி.

தீர்ப்பு வந்து இரண்டே நாளில், லெனனின் 35-ஆவது பிறந்த நாளன்று, மகன் ஷான் பிறந்தான். 1976 ஜூலை 27 அன்று லெனனுக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை வழங்கப்பட்டது. வழங்கியவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை வெளியேறச் சொன்ன அதே ஃபீல்ட்ஸ்டீல். அடுத்த சில ஆண்டுகள் இசையுலகை விட்டு விலகி, வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்தார் லெனன். 1980 டிசம்பர் 8 இரவு, அவ்வளவு போராடிப் பெற்ற நகரத்தில், தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

எந்தக் குழந்தையைத் தேடி அந்த நாட்டுக்கு வந்தார்களோ, அந்தக் கியோகோ தாயுடன் மீண்டும் சேர்ந்தது 1990-களில்தான். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார்.