ஸர் பி. எஸ். சிவசாமி ஐயரும் இந்திய ராணுவமும்

தஞ்சை ஜில்லாவிலே திருக்காட்டுப்பள்ளியை அடுத்துப் பழமார்நேரி என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி தோன்றிய சிவசாமி ஐயர், தம் ஆயுளில் ஒரு தினமேனும் பட்டாளத்தில் ஊழியம் செய்தவரல்லர். தொழிலால் வக்கீல், சுபாவத்தால் புத்தகப் பிரியர். எனினும், இந்நாட்டின் படைக்கு யார் எஜமானர், அதன் செலவைக் கொடுப்பவர் யார், அதனை நடத்துவோர் யார் என்ற கேள்விகளைச் சட்டசபையில் ஒழுங்காகவும் விடாமலும் எழுப்பிய முதல்வர்களில் அவர் ஒருவர். இன்று அவர் பெயரை நம் மாணவர் பலர் மயிலாப்பூரிலுள்ள லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியின் மூலமாகவே அறிவர். அதுவும் அவருடைய பெயரன்று, அவர் மனைவியாருடையது.

அவருடைய இளமைக் கல்வி தஞ்சையில் எஸ். பி. ஜி. மிஷன் பள்ளியில் நிகழ்ந்தது. இச்செய்தி நம்மைப்போன்ற கல்லூரியில் உள்ளார்க்குச் சிறிது பெருமை தரக்கூடும். பின்பு கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் பயின்றார். வக்கீல் தொழிலில் அமர்ந்து, 1893 முதல் சட்டக்கல்லூரியில் ஆசிரியராகவும், மெட்ராஸ் லா ஜர்னல் என்னும் பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவராகவும் உழைத்தார். 1907-இல் அட்வகேட் ஜெனரல் பதவி. 1912 முதல் 1917 வரை சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினர் பதவி. பிறகு சென்னைச் சர்வகலாசாலையிலும் காசி இந்து சர்வகலாசாலையிலும் துணைவேந்தர் பதவி. இவற்றை விரித்துரைத்தல் நம் நோக்கமன்று. ஒன்று மாத்திரம் சொல்லவேண்டும். அன்னி பெஸண்ட் அம்மையாரை 1917-இல் காவலில் வைத்த சென்னைச் சர்க்காரின் நிர்வாக சபையில் அவர் அங்கத்தினராயிருந்தவர். அதனால் தேசாபிமானிகள் பலருக்கு அவர்மீது மனத்தாங்கல் உண்டு. பிற்காலத்தில் அவர் சர்க்காரை எதிர்த்து வாதாடியபொழுது, இவரும் அவர்களுள் ஒருவர்தாமே என்று சிலர் எண்ணியிருப்பின் வியப்பில்லை.

1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்படி புதிய இந்தியச் சட்டசபை 1921 பிப்ரவரியில் டில்லியில் கூடிற்று. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தார் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தனர். ஆதலின் அச்சபையில் சர்க்காருக்கு எதிராகப் பேசும் பொறுப்பு மிதவாதிகளைச் சார்ந்தது. சிவசாமி ஐயர் தஞ்சை, திருச்சிராப்பள்ளித் தொகுதியின் பிரதிநிதியாக அங்கே சென்றார்.

அச்சபையின் நிலைமையை வாசகர் நன்கு கவனிக்கவேண்டும். உப்புக்கும் தபாலுக்கும் வரி எவ்வளவு என்று அது வாதிக்கலாம். ராணுவச் செலவின்மீது வோட்டுக் கொடுக்க அதற்கு அதிகாரமில்லை. யுத்தத்திற்கு முன் சுமார் 30 கோடி ரூபாயாயிருந்த அச்செலவு, 1921-22-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் 62 கோடியாக உயர்ந்திருந்தது. பணம் ஜனங்களுடையது, அதைப்பற்றிய முடிவு வேறிடத்தது. சபை செய்யக்கூடியதெல்லாம் கவர்னர் ஜெனரலுக்குச் சிபார்சு செய்யும் தீர்மானங்களை நிறைவேற்றுவதே. அவற்றை அவர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். இத்தகைய இடத்தில் ஒருவர் உரத்துக் கத்திவிட்டு வெளியேறுதல் எளிது. சிவசாமி ஐயர் செய்தது வேறு. கையில் ஓர் அறிக்கையை எடுத்துக்கொண்டார்.

அதுவே ஈஷர் கமிட்டியின் அறிக்கை. ஈஷர் பிரபுவின் தலைமையில் 1919-இல் ஏற்பட்ட அக்கமிட்டி, இந்திய ராணுவத்தின் நிர்வாகத்தை ஆராய்ந்து 1920-இல் வேலையை முடித்தது. பஞ்சாபில் லெப்டினெண்டு கவர்னராயிருந்த ஸர் மைக்கேல் ஓட்வையரும் அதில் ஓர் அங்கத்தினர். இந்திய ராணுவம் தனித்த ஒரு நாட்டின் ராணுவமன்று, சாம்ராஜ்யத்தின் மொத்தப் படைபலத்தில் ஒரு பகுதியே என்பது அவ்வறிக்கையின் அடிப்படை எண்ணம். கமிட்டியில் இருந்த இந்தியருள் ஸர் கிருஷ்ண கோவிந்த குப்தர் மாறுபட்ட குறிப்பு ஒன்றை எழுதினார். ஆனால் கமிட்டியின் பெரும்பான்மையோர் கருத்து அதுவாக நின்றது.

இக்கருத்தின் பொருளை அக்காலத்தவர் நேரிற் கண்டிருந்தனர். ஐரோப்பிய மகாயுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். 1917-இல் இந்தியா 10 கோடி பவுனை யுத்த நன்கொடையாகத் தந்தது. மெஸொபொடேமியாவில் நடந்த சீர்கேடுகளை விசாரித்த கமிஷன் அவ்வருஷமே வெளியிட்ட அறிக்கை ஊரெங்கும் வாசிக்கப்பட்டது. மீண்டும் அவ்வாறு, தம்மைக் கேளாமலே, தம் செலவில், தம் மக்கள் எத்தேசத்துக்கும் அனுப்பப்படுவரோ என்ற அச்சம் வீண் அச்சமன்று.

சபை ஈஷர் அறிக்கையை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அதன் முடிவுகளை ஆதாரமாகக்கொண்டு, 1921 மார்ச் 28-ஆம் தேதி சிவசாமி ஐயர் 15 தீர்மானங்களைப் பிரேரேபித்தார். ஒரு வக்கீல் தம் கட்சியின் பிராதை எழுதுமாறு, படிப்படியாக அமைந்தவை அவை. முதலாவது தீர்மானம் மற்றவற்றிற்கெல்லாம் வேர். இந்திய ராணுவத்தின் நோக்கம், வெளியார் படையெடுப்பிலிருந்து இந்நாட்டைக் காப்பதும் உள்நாட்டு அமைதியை நிலைநிறுத்துவதுமே. அதற்கப்பால் சாம்ராஜ்யத்தின் பொருட்டு இந்தியாவின்மீது விழும் கடமை, சுயாட்சி பெற்ற குடியேற்ற நாடுகளின் கடமையைவிட மிகுந்திருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவும் கனடாவும் தம் விருப்பப்படி துணை செய்யும், இந்தியாவும் அங்ஙனமே. இதைவிடக் குறைவாக ஒருவர் கேட்டிருக்க முடியுமா என்று இன்று தோன்றும். அன்று அது கேட்கப்படாத கேள்வி.

மற்றத் தீர்மானங்களுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். செலவைக் குறைக்கும் வழியை அவர் வெறும் கோரிக்கையாக விடவில்லை. பிரதேசச் சேனை ஒன்றை இந்தியர் விரும்பிச் சேரத்தக்க நிபந்தனைகளோடு அமைத்தல், சிப்பாய்களுக்குக் குறைந்த கால ஊழியம் தந்து பின் சில வருஷம் ரிஸர்வில் வைத்தல், பிரிட்டிஷ் துருப்புகளின் விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்தல் என்று வழியையும் காட்டினார். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனுக்கு ஆகும் செலவு இந்தியச் சிப்பாயின் செலவைப்போல் பல மடங்காதலின், இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இரண்டாவது, அதிகாரிகளின் விஷயம். இந்தியர் எத்தனை தீரராயினும் சிப்பாயாகவும் வைஸ்ராய் கமிஷன் பெற்ற சுபேதாராகவுமே இருந்தனர். 1918 முதல் ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் வருஷத்துக்கு 10 இடங்கள் மாத்திரம் இந்தியருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. மன்னர் கமிஷன்களில் தொடக்கமாக நூற்றுக்கு 25 இந்தியருக்குத் தரப்படவேண்டும் என்றும், கற்ற மத்திய வகுப்பினரும் அவற்றிற் சேர ஊக்கப்படவேண்டும் என்றும் தீர்மானம் கூறிற்று. ஆனால் அதனோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: தேர்ந்தெடுக்கப்படுவோரில் மிகப்பெரும்பாலார் சிப்பாய்களைத் தரும் ஜாதியாரிலிருந்தே வரவேண்டும். போர்க்குலம் என்றும் அல்லாத குலம் என்றும் பிரித்த அக்காலத்துக் கொள்கை இதிற் புகுந்துவிட்டது. சென்னை ராஜதானியின் காலாட்படைப் பட்டாளங்கள் அவ்வருஷங்களில் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டுவந்தன; இரண்டாவது உலகயுத்தத்தின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது. தஞ்சை ஜில்லாவிலிருந்து சென்ற பிரதிநிதியின் தீர்மானத்தில் இந்நிபந்தனை நின்றது என் மனத்திற்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. ஒருகால், அதைத் தாங்கிக்கொண்டாலன்றி மற்றது கிடையாது என்று கருதினார்போலும்.

கிடைத்ததும் சொற்பமே. முதல் தீர்மானத்தின் கொள்கையைச் சர்க்கார் பெரும்பாலும் ஒப்பியது. அதிகாரிகள் விஷயத்தில் லண்டன் மந்திரிகள் இசையவில்லை. 1923 பிப்ரவரியில் சேனாதிபதி ராலின்ஸன் பிரபு, எட்டுப் பட்டாளங்களை மட்டும் இந்திய அதிகாரிகளுக்கென ஒதுக்குவதாக அறிவித்தார். குதிரைப்படை இரண்டு, காலாட்படை வகுப்பில் ஆறு. அவ்வாறனுள் மெட்ராஸ் பயனீர்களின் பட்டாளமும் ஒன்று. சலுகைபோல் தோன்றிய இவ்வேற்பாடு, உண்மையில் இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயர் பணிபுரியும் நிலை வாராதிருக்கச் செய்த வேலி என்று இந்திய அங்கத்தினர் கண்டுகொண்டனர். செலவைப் பற்றியோ, இஞ்ச்கேப் பிரபுவின் சிக்கனக் கமிட்டி அவ்வருஷம் 57¾ கோடி என்றும், காலக்கிரமத்தில் 50 கோடி என்றும் எல்லை குறித்தது. சட்டசபையார் இரண்டு வருஷமாய்ச் சொல்லிவந்ததன் நியாயம் இவ்வாறு சர்க்கார் நியமித்த கமிட்டியின் வாயிலாகவே வெளிப்பட்டது.

இரண்டாவது சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியார் பெருந்திரளாகப் புகுந்தனர். சிவசாமி ஐயர் அப்பொழுது சர்க்காரால் நியமிக்கப்பட்ட உத்தியோகப்பற்றற்ற அங்கத்தினர். தம்மை நியமித்தவர்களின் ராணுவக் கொள்கையையே தொடர்ந்து பரிசோதித்தவர் என்பதை அவருடைய விரோதிகளும் மறுக்கவில்லை. 1925-இல் ஏற்பட்ட ஸ்கீன் கமிட்டி, எட்டுப் பட்டாளத் திட்டத்தைக் கைவிடவேண்டும், 1933-இல் இந்தியாவிலேயே ஒரு ஸாண்ட்ஹர்ஸ்ட் நிறுவவேண்டும் என்று எழுதியது. அச்சிபார்சுகளுள் முக்கியமானவற்றைச் சர்க்கார் ஒதுக்கிவைத்தது.

வட்டமேஜை மகாநாட்டிற்குப் பின் 1931-இல், சேனாதிபதி செட்வுட் தலைமையில் ராணுவக் கல்லூரிக் கமிட்டி கூடியபொழுது, அறுபத்தேழு வயதான சிவசாமி ஐயர் அதில் அங்கத்தினராக அமர்ந்தார். பத்து வருஷத்துக்கு முன் தாம் கேட்டது இப்போது கைக்கெட்டிற்று. எனினும் அறிக்கையில் கையொப்பமிட்டு மகிழ்ந்து வீடு திரும்பவில்லை. மாறுபட்ட குறிப்பொன்றை இணைத்தார். அடுத்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி டேராடூனில் 40 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. அந்நாற்பதின்மருள் மூவர் பிற்காலத்தில் மூன்று தேசங்களின் தரைப்படைத் தலைவராயினர்: இந்தியாவில் மானெக்ஷா, பாகிஸ்தானில் முகம்மது மூஸா, பர்மாவில் ஸ்மித் டன்.

முதுமையில் அவர் சென்னையிலேயே தங்கிக் கல்விப்பணியில் ஈடுபட்டிருந்தார். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரால் விளங்கும் மேல்நிலைப் பள்ளியை அவ்வழியே செல்லும் நம் பழைய மாணவர் கண்டிருப்பர். 1946 செப்டம்பர் 2-ஆம் தேதி டில்லியில் இடைக்காலச் சர்க்கார் அமைந்து, பல்தேவ சிங் என்னும் இந்தியர் பாதுகாப்பு இலாகாவை ஏற்றார். அச்செய்தி வெளியான இரண்டு மாதங்களில், நவம்பர் 5-ஆம் தேதி, சிவசாமி ஐயர் காலமானார்.