சோதனையில் தேர்ந்த மனிதர்: டாக்டர் பிரம்ம பிரகாஷ்

நம் மீன்சுருட்டியில் அந்தி சாய்ந்ததும் மின்விளக்குகள் எரிகின்றன. நெய்வேலியில் நிலக்கரியாலும் கல்பாக்கத்தில் அணுவாலும் நீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால்தான் மின்சாரம் உண்டாக்குகிறார்கள் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் கொதிப்பைத் தாங்கும் குழாய்களைப் பற்றி எண்ணியதுண்டா?

கல்பாக்கத்தின் முதல் அணுமின் உலையில் நீராவி உண்டாக்கும் குழாய்கள் நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் என்னும் கலப்புலோகத்தால் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ 290 டிகிரி வெப்பமுள்ள கனநீர் அவற்றினுள் பாயவேண்டும். வெந்நீரும் நீராவியும் உலோகத்தை அரிக்கும்போது ஹைட்ரஜன் தோன்றும். அதில் சிறு பங்கு உள்ளே புகுந்தாலும், உறுதியான உலோகம் காய்ந்த சுள்ளிபோல் முறியக்கூடும். ஆகவே, ஹைட்ரஜனும் நீராவியும் நிறைந்த சூட்டில் உலோகத் துண்டை வைத்து, மெல்ல மெல்ல இழுத்து, எவ்வளவு நீண்டபின் அறுகிறது என்று அளப்பார்கள். பொறுமை இல்லாதவருக்கு இவ்வேலை ஆகாது.

இத்தகைய உலோக அறிவை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பிரம்ம பிரகாஷ். 1912 ஆகஸ்டு 21-இல் லாகூரில் பிறந்தார். வேதியியல் கற்று, பின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் துறைக்குத் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

நம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் சிர்க்கான் கிடைக்கிறது. அதிலிருந்து பெறும் சிர்க்கோனியத்தோடு ஹாஃப்னியம் ஒட்டியே வரும். அதை நீக்கினால்தான் சிர்க்கோனியம் அணு உலைக்கு உதவும். அந்த அரிய பணியை அவர் முன்னின்று நடத்தினார். ஐதராபாத்தில் அணு எரிபொருள் தொழிலகமும், நிக்கல் கலப்புலோகங்கள் உருக்கும் மிஸ்ர தாது நிகாமும் உருவாக அவர் உழைப்பே அடிகோலியது.

1972-இல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரானார். 1979 ஆகஸ்டு 10-இல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத் தலைவராயிருந்த நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் மனம் உடைந்தார். பிரம்ம பிரகாஷ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அருகிருந்து தேற்றித் துணை நின்றார். மறு ஆண்டு சூலை 18-இல் அதே ஏவுகலம் வென்றது.

1984 சனவரி 3-இல் அப்பெரியார் மறைந்தார். அதே மாதம் 27-ஆம் நாள் கல்பாக்கத்தின் முதல் உலை வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

தோழியரே, மதிப்பெண் குறைந்த நாளில் நாமும் சோர்ந்துவிடுகிறோம். எந்தச் சூட்டில் எங்கே விரிசல் விடுகிறது என்று அறியத்தானே சோதனை? அதை அறிந்து, மீண்டும் உருக்கி வார்ப்போம்.