நெஞ்சுரம் மிக்க நீதியரசர் எச்.ஆர். கன்னா

நீதியின் பொருட்டுப் பதவியை இழந்தோர் சிலர். இழந்த பின்னும் மனம் தளராது பொதுப்பணியில் நின்றோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் நீதியரசர் எச்.ஆர். கன்னா. நெருக்கடிநிலைக் காலத் தீர்ப்பால் சட்டம் பயில்வோர் அவரை நன்கறிவர். மருத்துவ ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதரைக் காக்கும் நெறிமுறை நம் நாட்டில் உருவானதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள் அமிர்தசரசில் பிறந்த கன்னா, லாகூரில் சட்டம் பயின்றார். வழக்கறிஞராகவும், 1952 முதல் மாவட்ட நீதிபதியாகவும், பின்னர் பஞ்சாப், டெல்லி உயர் நீதிமன்றங்களின் நீதிபதியாகவும் பணியாற்றி, 1971இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனு வழியே நீதிமன்றத்தை நாடலாமா என்னும் வினா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐவருள் நால்வர், நாட இயலாது எனத் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். சட்டத்தின் துணையின்றி ஒருவரது உயிரையோ உரிமையையோ பறிக்க அரசுக்கும் அதிகாரம் இல்லை என்பது அவர்தம் முடிபு. 1977 ஜனவரியில், மூப்பு முறைப்படி அவருக்குரிய தலைமை நீதிபதி பதவி இளையவர் ஒருவருக்கு அளிக்கப்பட்டது. கன்னா பதவி துறந்தார். பெரும்பான்மையோரின் அக்கருத்தை உச்ச நீதிமன்றமே 2017இல் தவறெனத் தள்ளியது.

ஓய்வுக்குப் பின் அவரை நாடி வந்த பணிகளுள் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த அறநெறிக் குழுவின் தலைமை. மனிதர்மீது நிகழ்த்தும் ஆய்வுகளைத் தனிக்குழு ஒன்று முன்னரே ஆராய வேண்டும் என்னும் கருத்து, ஹெல்சிங்கி அறிக்கையின் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உலகில் வலுப்பெற்றிருந்தது. கன்னா குழுவின் கொள்கை அறிக்கை 1980 பிப்ரவரியில் வெளிவந்தது.

அறநெறிக் குழு செய்வது யாது? ஆய்வாளர் தம் திட்டத்தைக் குழுமுன் வைப்பார். இவ்வாய்வு தேவைதானா, தீங்கினும் பயன் மிகுமா, எளிதில் கிடைப்பர் என்பதற்காக ஏழையரைத் தெரிந்தெடுத்தனரா, விளக்கத்தாள் அவர்தம் மொழியில் உள்ளதா, விரும்பும்போது விலகலாமா, தீங்கு நேரின் சிகிச்சையும் இழப்பீடும் உண்டா எனக் குழு வினவும். எழுத்தறியாதார்க்குச் சார்பற்ற சாட்சியின்முன் அனைத்தையும் படித்துக் காட்டல் வேண்டும். நிறைவுறாத திட்டத்தைக் குழு திருத்தத்திற்குத் திருப்பும், தகாததை மறுக்கும். 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி குழுவில் 7 முதல் 15 பேர் இடம்பெறலாம். தலைவர் நிறுவனத்திற்கு வெளியிலிருந்து வருதல் வேண்டும். சட்டம் அறிந்தவரும் துறைசாராப் பொதுமகன் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

ஏட்டு நெறி மட்டும் போதாது என்பதையும் காலம் காட்டிற்று. 1976இல் டெல்லியில் தொடங்கிய கருப்பைவாய் நோய் ஆய்வொன்றில், பெண்களிடம் எழுத்துவழி இசைவு பெறாதது 1997இல் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2000இல் விரிவான நெறிமுறைகள் வந்தன. அவற்றை வகுத்த குழுவிற்கும் ஒரு நீதியரசரே, எம்.என். வெங்கடாசலையாவே, தலைமை ஏற்றார்.

இச்செய்தி நம் திண்டுக்கல்லுக்குத் தொலைவானதன்று. காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்தில் 1959லேயே சுகாதாரத் திட்டம் தொடங்கி, ஊர் ஊராய் ஆய்வு நடத்தினர். 2022 முதல் நம் நகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. தோல் பதனிடும் தொழிலாளியிடமும் வேடசந்தூர்ச் சிற்றூர்த் தாயிடமும் நாளை ஓர் இசைவுத்தாள் நீட்டப்படலாம். அதனை முன்னரே ஆராயும் குழுவில் அமரும் பொதுமகன் நம் ஆசிரியருள் ஒருவராகவோ, ஊர்ப் பெரியவருள் ஒருவராகவோ இருக்கக் கூடும். அறிஞர் பலர் ஒருமுகமாய்த் தலையசைக்கும் அவையில், தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவே அவர் கொண்டு செல்ல வேண்டிய முதற்பொருள்.

2008 பிப்ரவரி 25 அன்று கன்னா மறைந்தார். ஐவருள் ஒருவராய்த் தனித்து நின்ற அவர்தம் நெஞ்சுரத்தை, மருத்துவமும் சட்டமும் பயிலச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் தம் வாழ்வில் கைக்கொள்வார்களாக.