பரங்கிமலையில் போட்ட நேர்க்கோடு



ஆயத்தொலை வடிவியல் என்றாலே நம்ம வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். சாய்வைக் கண்டுபிடி, நேர்க்கோட்டின் சமன்பாட்டை எழுது... இதை வெச்சு யாராவது எதையாவது சாதிச்சிருக்காங்களா? ஒருத்தர் சாதித்திருக்கிறார். பூந்தமல்லியிலிருந்து மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டைப் பிடித்துப் போனால் பரங்கிமலை வருமே, அங்கேதான் அவர் வேலையை ஆரம்பித்தார். பெயர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷைரில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்த படையில் இவரும் ஒரு கைதி. பிறகு பல வருஷம் கனடாப் பக்கம் ராணுவக் குடியிருப்பு மேற்பார்வை. ஓய்வு நேரமெல்லாம் கணக்கும் வானியலும்தான். சூரிய கிரகணத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார். (நம்ம பாட்டிங்க சும்மாவா திட்டுறாங்க!)

நாற்பது வயசைத் தாண்டி இந்தியா வந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். பிடித்த நாட்டை ஆளவும் வரி வாங்கவும் கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லாம்டனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது: பூமி எந்த வடிவத்தில் உருண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கணும்.

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே நாடு முழுக்கப் போகலாம். ஆனால் முதல் கோட்டை மட்டும் தரையில் கையால் அளந்தே ஆகணும். அது தப்பினால் எல்லாமே தப்பு.

1802 ஏப்ரல் 10-ல் அந்த அளவு தொடங்கியது. பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை, சுமார் 12 கிலோமீட்டர். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாமென்று திரும்பி வந்த பொருள் அது! முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை ஒரே கோட்டில் வைத்து, அதற்குள் சங்கிலியை நீட்டி, சுமார் 400 தடவை அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானி. மே மாசக் கத்திரி வெயிலை நினைச்சுப் பாருங்க.

நம்ம பாடம் வருவது இங்கேதான். தரை சமமாக இருக்காதே! மேடேறும் சங்கிலி காட்டுவது சாய்வான நீளம். வரைபடத்துக்கு வேண்டியது கிடைமட்ட நீளம். அதனால் ஒவ்வொரு இடத்திலும் சாய்வைப் பார்த்துக் கழித்தார்கள். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 20 அடிக்கு 1 அடி ஏற்றம், அதாவது சாய்வு இருபதில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிதாகரஸ் தேற்றப்படி 100 அடிச் சங்கிலிக்கு ஒன்றரை அங்குலம் குறைகிறது. ப்பூ, இவ்வளவுதானா என்று தோணும். 400 சங்கிலிக்கும் இதே சாய்வு என்றால் கிட்டத்தட்ட 50 அடி! நம்ம வகுப்பறையை விட நீளமான தப்பு.

இங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மங்களூர்க் கடற்கரைக்குப் போனார். அதுவரை 400 மைல் என்று நம்பியிருந்த அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. நிலம் சுருங்கவில்லை, வரைபடம்தான் தப்பு.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கிளம்பியிருப்பார். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, மறுபடி அளக்கப் போய்விட்டார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே இழுத்த அந்த அளவை அவரால் முடிக்க முடியவில்லை. 1823 ஜனவரி 20-ல், எழுபதை ஒட்டிய வயதில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். பின்னால் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரம் என்று 1852-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1865-ல் சிகரத்துக்குக் கிடைத்ததோ எவரெஸ்ட் பெயர். சங்கிலி இழுத்த, கொடி பிடித்த நம்ம ஊர்க்காரர்கள் பெயர் எந்த மலைக்கும் இல்லை.

லாம்டனின் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.

- 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி