கசிவை அடைத்தவரின் ஊதியம்

மண் அள்ளும் இயந்திரத்தின் கை உயரக் காணும்போதெல்லாம் ஹென்றி மாட்ஸ்லியை நினைத்துக்கொள்வேன். 1771இல் இங்கிலாந்தின் வூலிச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலையில் சேர்ந்தார். 18 வயதில் லண்டனில் பூட்டுகளுக்குப் பேர்பெற்ற ஜோசப் பிராமாவின் பட்டறைக்கு வந்தார்.

பிராமா 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், உந்துதண்டைச் சுற்றி நீர் கசிந்தது. அடைப்பை இறுக்கினால் தண்டு நகர மறுத்தது. குழிந்த தோல் வளையத்தைப் பொருத்தி இதைத் தீர்த்தவர் மாட்ஸ்லி என்று அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் பதிவுசெய்திருக்கிறார். அழுத்தம் ஏறும்போது நீரே வளையத்தின் விளிம்பை விரித்துத் தண்டோடு இறுக்கும். அழுத்தம் தணிந்தால் பிடி தளரும். இன்றைய ரப்பர், பாலியூரித்தேன் வளையங்கள் பலவும் இதே விதியில்தான் இயங்குகின்றன.

வாரம் 30 ஷில்லிங் ஊதியம் போதாமல் 1797இல் உயர்வு கேட்டார், பிராமா மறுத்தார். மாட்ஸ்லி வெளியேறிச் சொந்தப் பட்டறை தொடங்கினார். விட்வொர்த், நாஸ்மித் போன்ற பொறியாளர்கள் அங்கே உருவானார்கள். 1831இல் அவர் மறைந்தார்.

பொறி இன்றும் பிராமாவின் பெயரால் அறியப்படுகிறது. காப்புரிமை பெற்றவரின் பெயர் நிலைப்பது இயல்பு. அந்தக் காப்புரிமையை வேலைசெய்ய வைத்த கையை மறப்பதை இயல்பென்று என்னால் ஏற்க முடியவில்லை.