1,400 யானைகளைச் சுட்ட பதுளைத் துரை

பதுளை நகரின் நடுவே சென் மார்க் ஆலயம் இருக்கிறது. பாடசாலைக்குப் போகும் வழியில் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு மனிதனின் நினைவுக்காகக் கட்டப்பட்ட ஆலயம் அது என்பதும், அந்த மனிதன் 1,400 யானைகளைக் கொன்றவன் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், இலங்கை ரைபிள் படைப்பிரிவின் அதிகாரி. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்தார். ஊவாவில் அன்றைக்கு அரசாங்கம் என்றாலே அவர்தான். வரி வசூல், வழக்கு விசாரணை, வீதி வெட்டுவித்தல் எல்லாம் அவர் கையில். நீதி தவறாத துரை என்று பெயரெடுத்ததாகவே பழைய குறிப்புகள் சொல்கின்றன. நம்பலாம். நல்ல அதிகாரி ஒருவரிடம் கொடிய பொழுதுபோக்கு ஒன்றும் இருக்கக்கூடும்.

அவர் வீட்டுக்கு வந்துபோன ஜேர்மன் மருத்துவர் ஒருவர், விறாந்தை வாசல்களிலும் சாப்பாட்டு அறை மூலைகளிலும் யானைத் தந்தங்கள் நிறுத்தப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். ஆனால் சுடப்பட்ட அத்தனை யானைகளிலும் தந்தமுள்ளவை அறுபதுக்குச் சற்று அதிகம்தான். இலங்கையின் ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. தந்தம் விற்றுப் பதவி உயர்வு வாங்கினார் என்றொரு கதை உண்டு. மற்ற ஆயிரத்துச் சொச்சம் யானைகளுக்கு அந்தக் கதையிடம் பதில் இல்லை. ஒரு தடவை யானையிடம் அகப்பட்டு, எலும்புகள் முறிந்து பிழைத்தார். தேறியதும் மறுபடி துவக்கைத் தூக்கினார்.

இதை வெறும் வேட்டை வெறி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. காடுகள் அரசின் சொத்தாகி, கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன. யானை பயிரின் எதிரியானது. அரசாங்கமே தலைக்கு இத்தனை சிலிங் என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார். வன்னிக் காட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1845 யூன் 7ஆம் திகதி ரொஜர்ஸ் ஹப்புத்தளையில் தங்கியிருந்தார். கடும் மழை. மழை விட்டுவிட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தவர் மின்னல் தாக்கி அந்த இடத்திலேயே இறந்தார். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையையும் பிறகு இடி பிளந்தது என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பார் எங்கள் தாத்தா. மலையுச்சியில் இடி விழுவது புதினமில்லை. ஆனாலும் லயன் அறையில் மழை இரவில் அந்தக் கதையைக் கேட்டபோது நான் நம்பினேன்.

அவர் யாருக்காகக் காட்டைத் துப்புரவாக்கினாரோ அந்தக் கோப்பி, வெளியிலிருந்து கொண்டுவந்த பயிர். 1869இல் எங்கள் மடுல்சீமைப் பக்கத்தில் அதன் இலையில் துரு நோய் கண்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பி போய்விட்டது. அந்த மலைகளுக்கு யானை திரும்பவில்லை.

இன்று ஹோட்டன் சமவெளியில் வேறொரு கேள்வி இருக்கிறது. வெள்ளைக்காரர் தூண்டில் போட்டு விளையாடக் கொண்டுவந்துவிட்ட ட்ரவுட் மீன், அந்த ஓடைகளுக்கே உரிய சின்ன இறாலைத் தின்கிறது. அதை அழிக்கலாமா? அழிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஓடைகள் அளவான இடம். என்ன செய்கிறோம், எப்போது நிறுத்துவோம் என்று சொல்ல முடியும். நெடுந்தீவுக் குதிரைகளும் ஐரோப்பியர் காலத்தில் வந்தவைதான். அவற்றைச் சுடச் சொன்னால் தீவுச் சனங்கள் முதலில் எங்களைத்தான் துரத்துவார்கள்.

வந்தது, வராதது என்ற கணக்கு எனக்கு இலேசாக வருவதில்லை. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறியவர்களின் வாரிசு நான். 1948இல் ஒரு சட்டம் எங்களை வந்தவர்கள் என்றது. 1977 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. அங்கும் சிலருக்கு நாங்கள் வந்தவர்கள்தான்.

ஆனால் இன்று துவக்கின் முன்னால் நிற்பவை வந்தவை அல்ல. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று விவசாய அமைச்சர் அறிவித்தார். அந்தக் குரங்கு இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். 2025 மார்ச் 15ஆம் திகதி தோட்டத்தில் வரும் குரங்கு, மர அணில், மயில்களை எண்ணித் தரச் சொன்னார்கள். யானையைச் சுடச் சட்டம் இடம் தராது. ஆனாலும் மின்சாரக் கம்பியும் பன்றி வெடியும் அந்த வேலையைச் செய்கின்றன. 2023இல் மட்டும் 488 யானைகள் செத்தன. மனிதரும் 180க்கு மேல்.

அந்த மனிதக் கணக்கை நான் பேப்பரில் மட்டும் வாசிப்பவன் அல்ல. முள்வேலி முகாமிலிருந்து மீள்குடியேறிய என் மாமா, ஷெல்லுக்குத் தப்பியவர், 2014இல் வயல் காவலுக்குப் போன இரவில் யானை அடித்து இறந்தார். மின்சார வேலி கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. செத்தவீட்டுக்கு வந்த இளைஞர்கள் அந்த யானையைத் தேடிப் போக ஆயத்தமானார்கள். மாமிதான் மறித்தார். இவ்வளவு சுட்டது போதாதா என்று அவர் கேட்டது யானையைப் பற்றி மட்டும் அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

போன மாதம் பதுளைக்குப் போனபோது ஆலயத்துக்குள் போய் நின்றேன். அந்த மேஜரின் பெயர் பொறித்த கல் இன்னும் சுவரில் இருக்கிறது. வெளியே வந்து வவுனியா பஸ்ஸைப் பிடித்தேன். மாமி இப்போதும் அதே காணியில்தான் இருக்கிறார். வேலி போன வருடம்தான் வந்தது, பாதித் தூரத்துக்கு.