கில்பர்ட் சிலேட்டர்

கில்பர்ட் சிலேட்டர் (1864 - 1938) ஓர் ஆங்கிலேயப் பொருளியலாளரும் சமூக ஆய்வாளரும் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறையின் முதல் பேராசிரியராக 1915 முதல் 1921 வரை பணியாற்றினார். தென்னிந்திய ஊர்களை நேரில் சென்று வீடு வீடாகவும் வயல் வயலாகவும் ஆராயும் முறையைத் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கி வைத்தார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்கள் இன்றும் ஆய்வாளர்களிடையே சிலேட்டர் ஊர்கள் என்றே அறியப்படுகின்றன.

வாழ்க்கை

சிலேட்டர் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்றார். தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்த இவர், இலண்டனின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள வூலிச்சின் மேயராக 1905 - 1906 இல் இருந்தார். தொழிலாளர்கள் உயர்கல்வி பெறுவதற்கென ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில் 1909 இல் பெரும் மாணவர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை அடுத்து அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று 1915 வரை அங்கே இருந்தார்.

ஊர்ப் பொதுநிலங்கள் தனியாரால் வேலியிடப்பட்டபோது இங்கிலாந்தின் சிறு உழவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இவருடைய முதல் பெரிய ஆய்வு. 1907 இல் அது நூலாக வெளிவந்தது. நிலம் யார் கையில் உள்ளது, அதில் உழைப்பவர் யார் என்ற கேள்விகளைச் சென்னைக்கு வருமுன்பே இவர் கேட்கத் தொடங்கியிருந்தார் என்பதற்கு இந்நூல் சான்று.

சென்னையில் பேராசிரியர் பணி முடிந்தபின் சிறிது காலம் சென்னை அரசின் விளம்பர அலுவலராக இருந்து, பின்னர் தாயகம் திரும்பினார். வறுமையும் அரசின் கடமையும் பற்றி 1930 இலும், தென்னிந்தியாவின் அரசியல், பொருளியல் சிக்கல்கள் பற்றி 1936 இலும் நூல்கள் வெளியிட்டார்.

ஊராய்வு

இந்தியச் சமூகத்தை அறிய அக்காலத்தில் இரண்டு வழிகள் பெருவழக்காக இருந்தன. ஒன்று, பழைய நூல்களையும் அரசு ஆவணங்களையும் படித்து இந்திய ஊர் என்பது தன்னிறைவு பெற்ற மாறாத அமைப்பு எனப் பொதுவாக விளக்குவது. ஹென்றி மெயின், கார்ல் மார்க்சு ஆகியோர் வெவ்வேறு நோக்கங்களுடன் இவ்வாறு எழுதினர். மற்றொன்று, சாதிகளையும் குலங்களையும் தனித்தனியாகப் பிரித்து அவற்றின் வழக்கங்களைப் பட்டியலிடுவது. எட்கார் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இவ்வகையின. முதலாவதில் குறிப்பிட்ட ஓர் ஊர் இல்லை. இரண்டாவதில் சாதிகள் உண்டு, ஆனால் அவை ஒரே ஊரில் ஒன்றோடொன்று எப்படி வாழ்ந்தன என்பது இல்லை.

ஊர்வாரியான கணக்கு தமிழகத்துக்குப் புதியதன்று. இன்றைய சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு முதலிய இடங்கள் அடங்கிய பழைய ஜாகீர் பகுதியில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஆனால் அது கும்பினியின் வரிவருவாய்க்காக எடுக்கப்பட்டது. சிலேட்டரின் முயற்சி கல்விக்காக எழுந்தது. இங்கிலாந்தின் தொழிற்சாலைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட பாடநூல்களைப் படித்த சென்னை மாணவர், தம் சொந்த ஊரின் பொருளியலை அறியாதிருந்தனர். எனவே 1916 இல் நீண்ட வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்களிடம் கொடுத்தார். நிலவுடைமை, குத்தகை, கூலி, கடன், கால்நடை, உணவு, சாதி, கைத்தொழில் என அவ்வினாக்கள் விரிந்தன.

இவ்வாறு கிடைத்தவற்றைத் தொகுத்துச் சில தென்னிந்திய ஊர்களைப் பற்றிய நூலாக 1918 இல் வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலைபுரம் ஆகியன இதிலுள்ள தமிழ்நாட்டு ஊர்களுள் அடங்கும். மலையாள, தெலுங்கு நாட்டு ஊர்களும் இடம்பெற்றன. ஏறத்தாழ இதே வேளையில் புனே அருகிலுள்ள ஓர் ஊரை ஹெரால்டு மான் ஆராய்ந்து 1917 இல் வெளியிட்டார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் கெட்டிசின் தலைமையில் சமூகவியல் துறை தோன்றியது 1919 இல்தான். தமிழகத்தில் சமூகவியல் ஒரு தனித்துறையாக வளர்வதற்கு முன்பே அதன் களப்பணி பொருளியல் வகுப்பில் தொடங்கிவிட்டது எனலாம்.

குறைகள்

அக்காலத்தில் கல்லூரி வரை வந்தவர் பெரும்பாலும் நிலமும் எழுத்தறிவும் உடைய சாதியினர். அவர்கள் தம் ஊரைத் தம் தெருவில் இருந்தே பார்த்தனர். திருமணம் போன்ற செலவுக்கு முன்பணம் பெற்று, அதைத் தீர்க்க இயலாமல் ஒரே நிலக்கிழாரிடம் தலைமுறையாக உழைத்த படியாட்களை இவ்வாய்வுகள் பதிவு செய்துள்ளன. அவர்களுக்குக் கிடைத்த நெல்லின் அளவும் குறிக்கப்பட்டது. ஆயினும் அக்கட்டு அவர்களுக்கு எவ்வாறு இருந்தது என்பதை அவர்களிடமே கேட்டறியும் வாய்ப்பு அவ்வினாப்பட்டியலில் குறைவு. ஊர்களும் மாணவர்களின் பிறப்பிடம் என்பதால் சேர்க்கப்பட்டனவே அன்றி, மாநிலம் முழுமைக்கும் எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல.

திராவிடப் பண்பாடு பற்றிய நூல்

இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு குறித்து 1924 இல் சிலேட்டர் எழுதிய நூல் தமிழகத்தில் இவரை அதிகம் அறியச் செய்தது. பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரை இதனைத் தமிழாக்கினார். ஆரியர் வருகைக்கு முன்பே உயர்ந்த நாகரிகம் இருந்தது என்பது இதன் மையக்கருத்து. அதே ஆண்டில்தான் ஜான் மார்ஷல் சிந்துவெளிக் கண்டுபிடிப்புகளை உலகுக்கு அறிவித்தார். எனினும் எகிப்திலிருந்து பண்பாடு கடல்வழி பரவியது என்ற அன்றைய பரவல் கொள்கையையும், மனித இனங்களுக்கு நிலையான மனப்பாங்கு உண்டு என்ற கருத்தையும் சிலேட்டர் பெரிதும் நம்பினார். இவ்விரண்டும் இன்று ஏற்கப்படுவதில்லை. ஊர்களை ஆராய்ந்தபோது எண்களைக் கேட்டவர் இந்நூலில் ஊகங்களோடு நின்றுவிட்டார்.

மறு ஆய்வுகள்

சிலேட்டரின் ஊர்களுள் பலவற்றை பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்து 1940 இல் நூல் வெளியிட்டனர். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் சில ஊர்களுக்குச் சென்றார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் இருவேல்பட்டு, தூசி உள்ளிட்ட ஊர்களை ஆராய்ந்தனர். ஒரே ஊரைப் பற்றி இத்தனை கால இடைவெளிகளில் விவரங்கள் கிடைப்பது உலக அளவிலும் அரிது.

இருவேல்பட்டில் 2008 இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் களப்பணி மேற்கொண்டனர். நிலக்கிழார்களின் பிடி பெரிதும் தளர்ந்திருந்ததையும், வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலைகள் தலித் மக்களின் சார்புநிலையைக் குறைத்திருந்ததையும் அவர்கள் கண்டனர். 1916 இன் படியாள் கணக்கு இல்லையென்றால் இம்மாற்றத்தின் அளவை எதனோடும் ஒப்பிட்டிருக்க முடியாது. பாலக்குறிச்சியில் 2019 இலும் வீடுதோறும் கணக்கெடுப்பு நடைபெற்றது.